அனல்வென்றான்–1

கடல் இன்னும் இருபது ஆண்டுகளில் சூடாகும் என்று இராமநாதபுரத்தில் ஒரு கூட்டம் போட்டு முடிவெடுத்திருந்தார்கள். கூட்டத்துக்குக் கடலை அழைக்கவில்லை. அதனால் அதற்குத் தேதி தெரியாமல் போய், போன வருடம் மே மாதமே சூடாகிவிட்டது.

அது முதலில் தெரிந்தது உலகம்மாளின் முழங்காலுக்கு. மண்டபம் ஊருக்கு மேற்கே, வடகடல் ஓரத்துச் சங்குமுனையில் அவளுக்கு முப்பது கடற்பாசி மிதவைகள் உண்டு. மிதவை என்றால் பெரிய சங்கதி இல்லை. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் சட்டம், குறுக்கே இருபது கயிறு, கயிற்றுக்கு இருபது முடிச்சு, முடிச்சுக்கு ஒரு கைப்பிடிப் பாசி, அடியில் மீன் கடிக்காமலிருக்க ஒரு பழைய வலை. நாற்பத்தைந்து நாள் கழித்துப் போனால் கைப்பிடி கூடையளவாகியிருக்கும். அறுத்துக் காயவைத்துக் கம்பெனிக்காரனிடம் போடலாம். அதிலிருந்து எடுக்கும் பசை ஐஸ்கிரீமுக்குள்ளும் பற்பசைக்குள்ளும் போகிறது. பல் துலக்குகிறவர்கள் யாரும் இதுவரை சங்குமுனைக்கு நன்றிக் கடிதம் போட்டதில்லை.

அன்று காலை அவள் இறங்கியபோது தண்ணீர் விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. பத்தே நாள். பாசியின் நுனி வெளுத்தது, இடைக்கணு வெளுத்தது, பிறகு வேகவைத்த சேமியா மாதிரி கயிற்றிலிருந்து கழன்று கரையில் ஒதுங்கியது. கரையோரம் முழுக்க வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்த சுற்றுலாக்காரர் ஒருவர் பனியோ என்று கேட்டார்.

"மதினி, இறால் கம்பெனி வேன்ல ரெண்டு சீட்டு காலியாத்தான் இருக்காம்" என்றாள் மீனம்மாள். உலகம்மாளின் தம்பி மனைவி, பக்கத்து மிதவைக்காரி. "ஐஸ்ல கைய விட்டு எறாத் தலையக் கிள்ளணும். அம்புட்டுத்தான் வேலை."

"எனக்கு ஐஸ் ஆகாது."

"கடலு கொதிக்குதுன்னும் அழுவுற, ஐஸ் ஆகாதுன்னும் சொல்ற. ஒனக்கு நடுவால ஒரு கம்பெனி தொறக்கச் சொல்லுவோமா?"

உலகம்மாளோடு பாசி கட்டிய இரண்டு பெண்கள் அதற்கு முந்தின வருடம் அந்த வேனில் ஏறினார்கள். இப்போது அவர்கள் விரல்கள் ஊறவைத்த அரிசி மாதிரி இருக்கின்றன. இந்தக் கோடை போனது போகட்டும். அடுத்த கோடையும் இப்படியே போனால் அந்த வேனைத் தவிர வேறு வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

காலிக் கயிறுகளை அவிழ்க்கப் போனபோதுதான் பதினேழாம் மிதவையைப் பார்த்தாள். கடைசிக் கயிற்றின் ஓரத்தில் நான்கு முடிச்சுகளில் பாசி கன்னங்கரேலென்று இருந்தது. வெளுக்கவில்லை. அழுகவில்லை. சுற்றிலும் எல்லாம் செத்துக்கிடக்க, நான்கும் கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த விருந்தாளிகள் மாதிரி நிம்மதியாக இருந்தன.

அவற்றைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவை நல்ல பாசி அல்ல, சவலைகள். அறுவடையின்போது கொழுகொழுவென்று வளர்ந்ததை அடுத்த முறை நறுக்கிக் கட்ட விதையாக எடுத்து வைத்துவிட்டு, குட்டையாக, கறுத்து, வளர மாட்டேன் என்று அடம்பிடிப்பதைக் காயப்போடும் விரிப்பில் எறிந்துவிடுவது சங்குமுனைப் பழக்கம். இருபது வருடமாக அப்படித்தான். மார்ச் மாதம் விதை நான்கு முடிச்சுக்குப் போதாமல் போக, மீனம்மாள் வந்து கேலி செய்வதற்குள் விரிப்பிலிருந்து நான்கு சவலைகளைப் பொறுக்கிக் கட்டி ஒப்பேற்றியிருந்தாள். ஒப்பேற்றியது பிழைத்துவிட்டது. தேர்ந்தெடுத்தது போய்விட்டது.

அன்று தெர்மாமீட்டர் முக்க அஸ்பியா வந்தாள். கீழக்கரைப் பெண்; ஓர் ஆய்வு நிலையத்தில் ஒப்பந்த வேலை. வாரம் ஒருமுறை கடலின் சூட்டைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். குறித்ததை யாராவது படிக்கிறார்களா என்பது அவள் வேலையில் சேராது. நான்கு கொத்துகளையும் பார்த்தவள் தெர்மாமீட்டரை மறந்து, துப்பட்டாவோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஒங்க முப்பது மிதவையில மொத்தம் எத்தன முடிச்சு?"

"பன்னெண்டாயிரம்."

"செடி எத்தன?"

"அதான் சொன்னேனே, பன்னெண்டாயிரம்."

"இல்லக்கா. ஒண்ணு."

உலகம்மாள் அவளை வெயில் பட்டவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

அஸ்பியா சொன்னது உண்மைதான். இந்தப் பாசி இங்கே விதை போட்டு முளைத்தது அல்ல. எப்போதோ வெளிநாட்டிலிருந்து வந்த சிறு கொத்தை நறுக்கிக் கட்டினார்கள், வளர்ந்ததை மறுபடி நறுக்கினார்கள், அதை மறுபடியும். அப்பன் இல்லை, ஆத்தாள் இல்லை, பிள்ளை இல்லை. ஒரே ஆளைத் துண்டுபோட்டுப் பன்னிரண்டாயிரம் வீடுகளில் குடிவைத்த கதை. அந்த ஆளுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது என்றால் பன்னிரண்டாயிரம் வீட்டிலும் ஒரே நாளில் சாவு விழும்.

மற்ற கடல் உயிர்களின் பிழைப்பு வேறு. ஒரு மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். ஒவ்வொன்றிலும் அப்பனிடமிருந்து பாதி, ஆத்தாளிடமிருந்து பாதி என்று மரபுச் சீட்டு புதிதாகக் கலைத்துப் போடப்பட்டிருக்கும். அதில் ஒன்றுக்குக் குளிர் ஆகாது, ஒன்றுக்குச் சூடு ஆகாது, ஒன்றுக்கு இரண்டும் ஆகும். கடல் சூடானால் ஆகாதவை சாகும், ஆகிறவை பெற்றோர் ஆகும். அடுத்த தலைமுறையில் சூடு தாங்குகிறவற்றின் பங்கு கூடும். மேடைகளில் 'உயிரினங்கள் மாற்றத்துக்கேற்பத் தம்மைத் தகவமைத்துக்கொள்ளும்' என்று சொல்லும்போது, ஏதோ எல்லா மீனும் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கற்றுக்கொள்வதாகத் தோன்றும். நடப்பது அதுவல்ல. யாரும் மாறுவதில்லை, மாறாதவர்கள் செத்துப்போகிறார்கள், முன்பே கொஞ்சம் மாறியிருந்தவர்கள் மிஞ்சுகிறார்கள். 'பெரும்பாலானவை செத்துப்போகும்' என்று சொன்னால் கைதட்டல் வராது என்பதால் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

"அப்ப இந்த நாலும் ஏன் சாகல? இதுவும் அதே ஆளுதான?"

"நறுக்கி நறுக்கிக் கட்டுறப்ப எப்பவாச்சும் ஒரு எழுத்துப்பிழை விழும்க்கா. ஒரு தாளைப் பாத்து இன்னொரு தாள்ல எழுதுற மாதிரிதான செடி வளருது. லட்சத்துல ஒரு பிழை நல்லதா அமையும்."

எந்தப் பிழை நல்லது? சூடு ஏறும்போது உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்கள் மடிப்புக் கலைந்து சுருண்டுவிடும். அவற்றைப் பிடித்து மறுபடி மடித்துவைக்க உள்ளேயே சில பழுதுபார்ப்பவர்கள் உண்டு. சாதாரணப் பாசி, சூடு வந்த பிறகுதான் அவர்களைக் கூப்பிட்டனுப்பும். சில செடிகள் எப்போதும் அவர்களை வேலையில் வைத்திருக்கும். படகில் எந்நேரமும் ஒரு தச்சு ஆசாரியை ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி. ஆசாரி இருக்கிற இடத்தில் மீன் வைக்க முடியாது. நல்ல நாளில் எல்லாரும் அந்தப் படகுக்காரனைப் பார்த்துச் சிரிப்பார்கள். பலகை பிளக்கிற நாளில் அவன் மட்டும் கரைக்கு வருவான். சவலை ஏன் மெதுவாக வளர்கிறது என்பதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்றாள் அஸ்பியா.

"இருக்கலாம்னா?" என்றாள் உலகம்மாள்.

"இன்னொண்ணும் இருக்கலாம். பதினேழாம் மிதவை ஆழத்து ஓரமாக் கெடக்கு. அங்கன நீரோட்டம் குளுமையா வந்து அந்த மூலையில மோதுது. செடியில ஒண்ணுமே இல்லாம, இடத்தால பொழச்சிருக்கலாம்."

"செடியா எடமா, எப்படித் தெரியும்?"

"ஒரே கயித்துல சவலை ஒண்ணு, சாதா ஒண்ணுன்னு மாத்தி மாத்திக் கட்டணும். ஒரு கயிறு ஆழத்துல, ஒரு கயிறு கரையோரம், ஒரு கயிறு தண்ணி தேங்குற எடத்துல. அடுத்த மே வரைக்கும் வளக்கணும். சூடு வரட்டும். கூட இருக்கிறது சாகிற எடத்துலயும் இது நின்னா, செடி."

உலகம்மாளுக்குச் சட்டென்று பிடிபட்டது. "மாப்பிள்ளை தங்கமானவனா, இல்ல மாமியா வீட்டுச் சோறு அப்படியான்னு தெரியணும்னா, வீட்ட மாத்திப் போட்டுப் பாக்கணும்ங்கிற."

"அதேதான்க்கா."

"என் வீட்டுக்காரர வேணும்னா நாளைக்கே கூட்டிட்டுப் போ."

இவ்வளவும் ரகசியமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அஸ்பியா நேர்மையான பெண். வாராந்திர அறிக்கையில் எழுதிவிட்டாள். அவள் எழுதியதில் யாரோ படித்த முதல் வரி அதுதான். நான்காம் நாள் கடற்பாசித் திட்ட அலுவலர் வீரபத்திரன் சங்குமுனைக்கு ஜீப்பில் வந்தார். பாசியைப் பார்ப்பதற்கு முன்பே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அனல்வென்றான் ஒண்ணு" என்றார்.

"ரெண்டு எங்க சார்?" என்றாள் மீனம்மாள்.

"அது அடுத்த வருஷத் திட்டம்மா."

இராமநாதபுரத்தில் ஏ.சி. மண்டபத்தில் வெளியீட்டு விழா என்று அவர் திட்டம் போட்டிருந்தார். மேடையில் நான்கு பேர். நான்கு பேர் கையிலும் ஒவ்வொரு கொத்து. கொத்தும் நான்கே இருப்பது இயற்கையே இந்த விழாவை எதிர்பார்த்துக் காத்திருந்ததைக் காட்டுகிறது என்று அவர் நினைத்தார்.

"இது சூட்டத் தாங்குமான்னே இன்னும் தெரியாது சார்" என்றாள் அஸ்பியா. "எடத்தாலயும் இருக்கலாம். அடுத்த மே வரைக்கும் பாக்கணும்."

"நிதியாண்டு மார்ச்சோட முடியுதேம்மா."

"கடலுக்கு மே மாசந்தான் சார் சூடு."

இதைப் பெரிய குறைபாடாகக் கருதிய வீரபத்திரன், யாரிடம் சொல்லி மாற்றலாம் என்று யோசிப்பவர் போலச் சற்று நேரம் கடலைப் பார்த்தார். பிறகு உலகம்மாள் பக்கம் திரும்பினார். "மூங்கில் ஒதுக்கீடு லிஸ்ட்ல ஒங்க பேருதான்ம்மா முதல்ல இருக்கு. அப்படியே இருக்கட்டும்னு நெனைக்கிறேன்."

மூங்கில் இல்லாமல் மிதவை இல்லை.

"தாரேன். ஆனா கடல் தண்ணியிலதான் வச்சிருக்கணும். அன்னைக்கு மதியத்துக்குள்ள திரும்பக் கொண்டாந்து கட்டிறணும்" என்றாள் உலகம்மாள்.

"கட்டாயம்."

"பொறவு, கிள்ளித்தான் தருவேன்."

சங்குமுனையில் விதைப்பாசி ஊரை விட்டு வெளியே போகும்போது, ஒவ்வொரு கொத்திலும் நுனியில் விரல் நீளம் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டுதான் சாக்கைக் கட்டுவார்கள். விதை முழுசாகக் கடலை விட்டுப் போகக் கூடாது என்பார்கள். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. செய்யாவிட்டால் திட்டத் தெரியும். வீரபத்திரனுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பாரம்பரியம் என்று சொல்லி, தானும் ஒன்றைக் கிள்ளுவது போல மூன்று முறை படம் எடுத்துக்கொண்டார். நான்கு நுனிகளையும் உலகம்மாள் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நூல் கட்டி, கொசுவலைப் பைக்குள் போட்டுப் பதினேழாம் மிதவையில் தொங்கவிட்டாள். ஓரா மீனுக்குப் பாசி என்றால் உயிர். பையில்லாமல் விட்டால் பொழுது சாய்வதற்குள் அடையாளம் தெரியாமல் மேய்ந்துவிடும்.

விழாவுக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். மண்டப வாசலில் நுழையும்போதே குளிர் பல்லைக் கடிக்க வைத்தது. கடல் வெப்பமடைதல் பற்றிய விழா என்பதால் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்திருந்தார்கள். வரவேற்பு மேசையில் பெரிய பித்தளை உருளி. சுற்றிலும் சாமந்தி, நடுவே ரோஜா இதழ்கள், இதழ்களுக்கு நடுவே அவளுடைய நான்கு கொத்துகள்.

உலகம்மாள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை. பன்னீர் வாசம் அடித்தது.

"தம்பி, என்ன தண்ணிய்யா இது?"

அலங்காரக்காரர் பெருமையாகச் சொன்னார்: "கேன் தண்ணிக்கா. இருவது லிட்டர். கடத்தண்ணி கொண்டாந்தாங்க, வாடையடிச்சுச்சு, ஊத்திட்டேன். வி.ஐ.பி. வாராகல்ல."

சுத்தமான தண்ணீர் கடல் பாசிக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். கடலுக்குள் வாழ்கிற உயிரணு உள்ளேயும் உப்பைக் கட்டிவைத்திருக்கும். உள்ளேயும் வெளியேயும் சமமாக இருக்கிறவரை தொல்லையில்லை. வெளியே நல்ல தண்ணீரை ஊற்றினால், உப்பு இருக்கிற பக்கம் தண்ணீர் முண்டியடித்து உள்ளே நுழையும். அணு ஊதும். ஊதி வெடிக்கும். உள்ளே இருக்கும் செந்நிறம் கசிந்து வெளியே வரும். உருளித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. ரோஜாவுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று அலங்காரக்காரர் சந்தோஷப்பட்டார்.

அவள் முந்தானையில் நான்கையும் அள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே அஸ்பியா. சமையல்காரர் கூத்தையா கேசரி கிண்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, ஒரு வாளி தண்ணியும் உப்பும் குடுங்க."

"எத்தன பேருக்கு?"

"நாலு பேருக்கு."

"நாலு பேருக்கு எதுக்கு ஒரு வாளி?" என்றவர் முந்தானையைப் பார்த்துவிட்டு, "இத நான் ரசத்துல போட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

உலகம்மாள் பிடிபிடியாக உப்பைப் போட்டுக் கலக்கினாள், நாக்கில் வைத்தாள், துப்பினாள், மறுபடி போட்டாள். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் என்று அஸ்பியா தராசு தேடுவதற்குள், உலகம்மாளின் நாக்கு வடகடலைக் கண்டுபிடித்துவிட்டது. நான்கையும் உள்ளே இறக்கினாள். அவை அசையாமல் கிடந்தன. தொட்டால் வழவழவென்று விரலோடு வந்தன.

"போச்சுக்கா" என்றாள் அஸ்பியா மெதுவாக. "அனல வென்றுச்சு. மண்டபத்த வெல்லல."

வெளியே சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். நம் கடலின் உயிர்கள் நம் மக்களைப் போலவே எதையும் தாங்கும் என்றார். கைதட்டல். கொத்துகளைக் காணாமல் தவித்த வீரபத்திரன், வாசல் மேசையிலிருந்து சாமந்தியை எடுத்து நான்கு பேர் கையிலும் கொடுத்துவிட்டார். மறுநாள் படத்தைப் பார்த்தவர்கள் அதைப் பாசி என்றே நினைத்திருப்பார்கள். உலகம்மாளுக்குப் பொன்னாடையும் ஓர் எவர்சில்வர் டப்பாவும் கிடைத்தன. செத்த பாசியை அந்த டப்பாவில்தான் ஊருக்குக் கொண்டுவந்தாள்.

ஆகஸ்டில் திட்டம் வெற்றிகரமாக நிறைவேறியதாக அறிக்கை வந்தது. வெற்றி பெற்ற திட்டத்துக்கு ஆய்வு தேவையில்லை என்பதால் அஸ்பியாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கரை நெடுக இருநூறு பெண்களுக்கு அனல்வென்றான்–1 வழங்கப்பட்டது. அனல்வென்றான் எதுவும் உயிரோடு இல்லையே, எதை வழங்கினார்கள் என்று கேட்கக் கூடாது. வேறு ஊரிலிருந்து சாதாப் பாசி இரண்டு லாரி வந்தது. சாக்கில் பெயர் அச்சடித்திருந்தது.

சங்குமுனையில் மிஞ்சியது நான்கு விரல் நுனிகள். அஸ்பியா கீழக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி, சம்பளமில்லாமல் மாதம் இரண்டு முறை வந்தாள். "துபாய்ல இருக்கிற அண்ணன் என்ன வேலைன்னு கேக்குறாக. கடல்ல நூல் பாக்குறேன்னு சொன்னேன். போன வச்சுட்டாக" என்றாள். ஐப்பசி மழையில் கடல் புரண்டபோது உலகம்மாள் பையை அவிழ்த்துக் கரையில் கடல்நீர்த் தொட்டியில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றினாள். இருந்தும் பாதி போயிற்று. வலைப்பை கிழிந்த ஒருநாள் ஓரா வந்து பந்தி போட்டுவிட்டுப் போனது. சவலைகள் வளர்கிறேன் என்று அவசரப்படவும் இல்லை. ஏப்ரலில் ஒவ்வொரு நிறத்திலும் மூன்று கொத்து தேறியது. ஆழத்துக்கு ஒன்று, கரையோரத்துக்கு ஒன்று, தேங்கலுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் லாரியில் வந்த சாதா ஒன்று.

"இது பொழச்சா கட்டுவேன்" என்றாள் உலகம்மாள் மீனம்மாளிடம். "இல்லைன்னா வேன்ல எனக்கும் ஒரு சீட்டுப் போடு. ஜன்னல் ஓரமா."

மே வந்தது. கடல் நிதியாண்டைப் பற்றிக் கவலைப்படாமல் சரியான நேரத்துக்குச் சூடானது. பன்னிரண்டாம் நாள் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

ஆழத்துக் கயிற்றில் நான்கு நிறமும் கறுப்பாக நின்றன. பக்கத்தில் இருந்த சாதாவும் பாதிக்குப் பாதி நின்றது. "எடம்" என்றாள் அஸ்பியா. கரையோரம் சாதா எல்லாம் வெளுத்திருந்தன. சிவப்பு வெளுத்திருந்தது. மஞ்சளும் நீலமும் கையில் எடுத்ததும் கழன்றன. பச்சை மட்டும் நின்றது. தேங்கல் தண்ணீரில் கால் வைக்கவே முடியவில்லை. கயிறு முழுக்க வெள்ளை நார். கடைசி முடிச்சில் உலகம்மாள் கையை விட்டுத் தடவினாள். கெட்டியாக, முரடாக, ஒரு கைப்பிடி. எடுத்துப் பார்த்தாள். பச்சை நூல்.

"மூணு பேரு எடத்தால பொழச்சவுக" என்றாள். "இது ஒருத்திதான் சொந்தக் கால்ல நின்னவ."

"மூணு எடம், ஒரு வருசந்தான்க்கா. இத வச்சுச் சத்தியம் பண்ண முடியாது" என்றாள் அஸ்பியா. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "எழுத்துப்பிழைதானா, இல்ல போன வருசச் சூட்டை ஞாபகம் வச்சிருக்கான்னு மரபணுவப் படிச்சாத்தான் தெரியும். இன்ஷா அல்லாஹ், ஒருநாள் படிப்போம்."

அவர்கள் பச்சையை நறுக்கிக் கயிறு கட்டத் தொடங்கியபோது மீனம்மாள் வந்து பார்த்தாள். முப்பது மிதவைக்கும் இதையே கட்டிவிடலாமே என்றாள். உலகம்மாள் தலையை ஆட்டினாள். அப்புறம் மறுபடியும் பன்னிரண்டாயிரம் வீட்டில் ஒரே ஆள். இவளுக்கு ஆகாத ஏதாவது ஒன்று வந்தால் மறுபடி வெள்ளை. மிதவைக்கு ஒரு கயிறு சவலைக்கென்றே விட்டாள். ஆழத்து ஓரத்தில் பிழைத்துக் கிடந்ததில், விரிப்பில் எறிய வேண்டிய குட்டை, முரடு, கறுப்பு, கோணல் எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டினாள்.

"கூன் குருடெல்லாம் கூட்டியாந்து குடிவைக்கிற" என்றாள் மீனம்மாள்.

"ஒன்னையும் அப்படித்தான் எங்க வீட்டுக்குக் கூட்டியாந்தோம்."

கரையில் வைத்திருந்த போன் அடித்தது. வீரபத்திரன். இருநூறு பெண்களின் அனல்வென்றான்–1 பத்து நாளில் வெளுத்துப்போன செய்தி அவருக்கு வந்திருந்தது. அதைவிட முக்கியமாக, பச்சை நூல் செய்தியும் வந்திருந்தது.

"அனல்வென்றான் ரெண்டு ரெடியாம்மா? எத்தன கொத்து இருக்கு? இந்தத் தடவ மேடையில ஒன்பது பேர்."

உலகம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "மூணு இருந்துச்சு சார். நறுக்கிக் கட்டிட்டேன். விரல் நீளம் வேணா கிள்ளித் தாரேன். படிக்கத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தா அனுப்புங்க."

"விரல் நீளத்த வச்சு எப்படிம்மா விழா நடத்துறது?"

"மேடையைச் சின்னதாப் போடச் சொல்லுங்க" என்றாள்.

போனை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். விழாவில் கொடுத்த எவர்சில்வர் டப்பா, தண்ணீர் புகாது. அவள் மறுபடி கடலில் இறங்கியபோது ரோட்டில் இறால் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு சீட்டு இன்னமும் காலியாக இருந்தது.